நடவு நட்டு இடுப்பு பிடிச்சுக்கிச்சா? சுருண்டு படுக்காதீங்க!

தஞ்சாவூர்:

மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் டெல்டாவில் நாற்றுப்பறி, நடவு என்று வேலை களைகட்டி விடும். கூடவே வந்து சேருவது இடுப்பு வலி. "இடுப்பே விட்டுப்போச்சு" என்று சொல்லாத நடவுப் பெண்களைப் பார்ப்பது கஷ்டம்.

முட்டியை மடக்காமல் மணிக்கணக்கில் குனிந்தே நிற்பதால் இடுப்புத் தசை களைத்துப் போகிறது. பாரம் முழுவதும் எலும்புகளுக்கு நடுவில் உள்ள ஜவ்வின் மேல் இறங்குகிறது. யூரியா மூட்டை 45 கிலோ, கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை 40 கிலோ. அதைத் தூக்குகிற ஆண்களுக்கும் இதே கதைதான்.

வலி வந்ததும் "ஜவ்வு விலகிடுச்சு" என்று பயந்து விடுகிறார்கள். ஆனால் இடுப்பு வலிக்காரர்களில் 10-க்கு 9 பேருக்கு குறிப்பிட்ட நோய் எதுவும் காரணம் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்து விடும்.

அதற்காக பாயே கதி என்று கிடக்கக்கூடாது. படுக்கப் படுக்க தசை இன்னும் இறுகும். ரெண்டொரு நாள் கனமான வேலையைக் குறைத்துக்கொண்டு, மெதுவாக நடமாடுவதுதான் மருந்து. சுடுதண்ணீர் ஒத்தடம் இதமாக இருக்கும்.

நடவின்போது அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து லேசாகப் பின்னால் வளையுங்கள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்தால் வரப்பில் நிற்பவர் சத்தம் போடுவார். எல்லோரும் சேர்ந்து நிமிர்ந்தால் என்ன செய்வார்? மூட்டை தூக்கும்போது முட்டியை மடக்கி, உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். தூக்கியபடியே இடுப்பைத் திருப்பாதீர்கள்.

மறுநாள் கூலி போய்விடுமே என்று மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குவதுதான் ஆபத்து. டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகளை தினமும் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், கிட்னியும் கெடும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்களுக்கும், சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கும் இது இன்னும் மோசம்.

வலி விடாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. ஊருக்கு வரும் சுகாதார தன்னார்வலரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கால் மரத்து பலம் குறைந்தாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தெரியாமல் கசிந்தாலோ காத்திருக்க வேண்டாம். நரம்பு நசுங்குவதன் அறிகுறி அது. விடியட்டும் என்று பார்க்காமல், 108-ஐக் கூப்பிட்டு தஞ்சை மருத்துவக்கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.