ஓட்டக்காரனைத் தோற்கடித்த வெயில்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்றால் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஆட்கள் இன்னும் கடைத்தெரு என்றே சொல்லும் லெபோ பாசாரில் கால் வைக்க இடம் கிடைக்காது. பாட்டுச் சத்தம் ஒரு பக்கம், வடை சுடும் எண்ணெய் வாசனை ஒரு பக்கம். 2025 செப்டம்பர் 21-ஆம் தேதி அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, நமக்கு வழக்கமான தேநீர்க் கடையில் உட்கார்ந்தபோது மணி மூன்று இருக்கும். எதிரே ஒரு தம்பி. கெடா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுத் தொழிலாளர்கள். இப்போது இதே தெருவில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை இறக்குகிறார். கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, தே ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, பந்தா?”

“பந்து இல்லண்ணே. பெர்லின் மாரத்தான். இன்னும் கால் மணி நேரத்துல கிளம்பிடுவாங்க. இன்னைக்கு உலக சாதனை உடையும்னு எல்லாரும் சொல்றாங்க.”

மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர். பட்டர்வொர்த்தில் கிளம்பினால் சுங்கை பட்டாணியையும் தாண்டிவிடும் தூரம். அன்று உடைக்க வேண்டியிருந்த கணக்கு, கென்யாவின் கெல்வின் கிப்டும் 2023 அக்டோபர் 8-ஆம் தேதி சிக்காகோவில் ஓடிய 2 மணி 0 நிமிடம் 35 விநாடி. மணிக்கு 21 கிலோமீட்டர் வேகம். தோட்டத்து மண்சாலையில் சைக்கிளை அழுத்தி மிதித்தாலும் நம்மில் பலருக்கு அந்த வேகம் வராது.

உடைக்கக் கிளம்பியவர் அதே நாட்டுக்காரர் சபாஸ்டியன் சாவே. 2024 டிசம்பரில் வலென்சியாவில் தம் முதல் மாரத்தானையே 2:02:05-ல் முடித்தவர். 2025 ஏப்ரலில் லண்டனிலும் முதலாவதாக வந்தவர். ஆள் சரி, ஓடும் பாதையும் சரி. பெர்லின் தட்டையான ஊர்; 2003 முதல் 2022 வரை ஆண்கள் மாரத்தான் உலக சாதனை எட்டு முறை உடைந்தது, எட்டு முறையும் பெர்லினில்தான்.

பாதித் தூரத்தை 60 நிமிடம் 16 விநாடியில் கடந்தார். தம்பி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஆனால் அடுத்த பாதிக்கு 62 நிமிடம் பிடித்தது. முடித்த நேரம் 2:02:16. முதலிடம் அவருக்குத்தான், இரண்டாவதாக வந்த ஜப்பான்காரர் ஏறக்குறைய நான்கு நிமிடம் பின்னால். ஆனாலும் சாதனை நழுவிவிட்டது. காரணம் கேட்டால், வெயில். அன்று பெர்லினில் ஏறத்தாழ 25 டிகிரி!

பக்கத்து மேசைப் பெரியவர் சிரித்துவிட்டார். “இருபத்தஞ்சா? நமக்கு அது விடியக்காலை குளிராச்சே. நான் சட்டைக்கு மேல சட்டை போட்டுக்கிட்டுப் பெரட்டுக்குப் போவேன்!”

பெரியவர் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு விஷயம் இருக்கிறது, அதை நாம் கவனிப்பதில்லை.

நாம் சாப்பிடும் சாப்பாட்டின் சக்தியில், தசை வேலை செய்யும்போது ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் அசைவாக மாறுகிறது. மீதி முக்கால் பங்கும் சூடாகிறது. மோட்டார் சைக்கிள் என்ஜின் மாதிரிதான். ஓடுகிறவனுக்கு மட்டுமல்ல, முள்ளுச் செம்பனைக் குலையைத் தூக்கி வண்டியில் எறிகிறவருக்கும், காண்டாவில் இரண்டு வாளிப் பால் சுமக்கிற அம்மாவுக்கும் இதே கணக்குதான். இந்தச் சூட்டை வெளியேற்ற உடம்பு இரத்தத்தைத் தோலுக்குத் திருப்பி விடுகிறது, வியர்வையை ஊற்றுகிறது. தோலுக்குப் போகிற இரத்தம் அந்த அளவுக்குத் தசைக்குக் குறைகிறது. வியர்வையும் வழிந்து சொட்டினால் பயனில்லை. காற்றில் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் ஊர் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. வியர்வை எங்கே உலரும்?

அதனால்தான் சாதனை உடையுமா என்று கணிக்கிறவர்கள் ஓட்டக்காரன் பெயரைப் பார்க்குமுன் வானிலையைப் பார்க்கிறார்கள். வேகமாக ஓடுகிறவர்களுக்குப் பத்து டிகிரிக்குச் சற்று முன்பின் இருந்தால் நல்லது என்பது பல ஆய்வுகளின் முடிவு. நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் மாரத்தான் தங்கம் வென்ற லெசோத்தோ வீரர் தாபிசோ மொக்காலிக்கு 2 மணி 19 நிமிடம் ஆயிற்று. அவர் சோம்பேறி அல்ல, ஊர் அப்படி. 2019-ல் கத்தாரின் டோஹாவில் பெண்கள் உலகப் போட்டியை நள்ளிரவில் வைத்துப் பார்த்தார்கள். அப்படியும் ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்க முடியாமல் விலகினார்கள். நமது பினாங்குப் பாலத்து மாரத்தானை விடியலுக்கு வெகு முன்பே கிளப்பிவிடுவதும் இதற்காகத்தான்.

பால்மரத்துக்கும் இந்தக் கணக்கு தெரியும். இருட்டோடு வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலை வழியாக நீர் போய், மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து, மங்கு நிறையாது. மரத்துக்கு வெயில் ஆகாது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிகிறது. வெட்டுகிற ஆளுக்கு ஆகுமா என்ற பேச்சு மட்டும் அபூர்வமாகத்தான் வருகிறது.

இனி அந்தத் தம்பியின் கதைக்கு வருவோம். பார்ப்பதோடு நிறுத்தவில்லை அவர். வருடக் கடைசியில் பாலத்தில் முழு மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருந்தார். கிப்டும் பைத்தியம் என்றே சொல்லலாம். சிறு வயதில் மாடு மேய்த்துக்கொண்டு, ஊர் ஓட்டக்காரர்கள் பின்னால் வெறுங்காலில் ஓடிய பையன் அவர். நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் மனத்தில் ஒட்டிக்கொள்ளாதா? 2024 ஏப்ரல் 14-ஆம் தேதி ரோட்டர்டாமில் இரண்டு மணி நேரத்துக்குள் ஓடிக் காட்டப் போகிறார் என்று உலகமே காத்திருந்தது. அந்த நாள் அவருக்கு வரவேயில்லை. பிப்ரவரி 11-ஆம் தேதி இரவு, கென்யாவில் கார் விபத்தில் அவரும் பயிற்சியாளர் கெர்வே ஹகிசிமானாவும் மாண்டார்கள். வயது 24.

அந்த ரோட்டர்டாம் ஓட்டத்தைத் தன் காலால் ஓடி முடிப்பது போல ஒரு எண்ணம் தம்பிக்கு. கிப்டும் வாரத்துக்கு 250, 280 கிலோமீட்டர், சில வாரம் 300-க்கு மேலும் ஓடினார் என்று எங்கோ படித்துவிட்டு, மூட்டை தூக்கும் வேலைக்கு நடுவே அதில் பாதியாவது ஓடிப் பார்ப்போம் என்று இறங்கிவிட்டார். கிப்டும் அப்படி ஓடுவதைப் பார்த்து அவருடைய பயிற்சியாளரே கவலைப்பட்டார், இந்த வேகத்தில் போனால் உடம்பு சில வருடத்தில் உடைந்துவிடும் என்று 2023-லேயே நிருபர்களிடம் சொல்லியிருந்தார் என்பதைத் தம்பி படிக்கவில்லை. கிப்டும் ஓடியதோ குளிர்ந்த மேட்டுநிலத்தில். வேறு வேலை கிடையாது; ஓடுவது, சாப்பிடுவது, தூங்குவது.

அந்த ஆகஸ்ட் மாதம் ஒரு நாள், உடம்பை வெயிலுக்குப் பழக்குகிறேன் என்று பகல் பதினொரு மணிக்குக் கிளம்பி 30 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். கால் வலிக்கு முன்கூட்டியே இரண்டு வலி மாத்திரை வேறு. கடைக்கு வந்தபோது பேச்சு குழறியது, வாந்தி. மறுநாள் சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் போயிருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அவருடைய அம்மா கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். மூன்று நாள் படுக்கை. தசை நொறுங்கி அதன் கழிவு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைக்கப் பார்த்திருக்கிறது.

தோட்டத்தில் இருப்போரும் இந்த அடையாளங்களை மனத்தில் வைக்க வேண்டும். தலைவலி, தலைசுற்றல், தசைப்பிடிப்பு என்றால் உடனே நிழல், தண்ணீர், ஓய்வு. ஆள் உளற ஆரம்பித்தால், தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது வெப்ப அதிர்ச்சி. உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வண்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சட்டையைக் கழற்றி, கிடைத்த பச்சைத்தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், விசிற வேண்டும். தண்ணீர்த் தொட்டி இருந்தால் தலை மட்டும் வெளியே தெரிய உட்கார வைக்கலாம். அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்ப வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் உழைப்பது சிறுநீரகத்தோடு விளையாடுவது. தம்பிக்கு டாக்டர் அதைத்தான் முதலில் சொன்னார்.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்களிடம் இரண்டு கட்சி உண்டு. வேலை முடியும் வரை குடிக்காதே, வயிறு கனக்கும் என்பது ஒன்று. குடம் குடமாகக் குடி என்பது மற்றது. இரண்டும் கெடுதல். 2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 13 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் உப்பு இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. தண்ணீர் அதிகமாகக் குடித்ததே முக்கியக் காரணம். கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு குவளை என்பது போதும். நீண்ட வேலையானால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து கலந்து எடுத்துப் போகலாம். சாவே போன்றவர்கள் சில கிலோமீட்டருக்கு ஒரு தடவை உறிஞ்சுகிறார்களே ஒரு போத்தல், அதன் சாரமும் நீர், சர்க்கரை, உப்புதான். விலைதான் வேறு. (சர்க்கரை வியாதிக்காரர்கள் இதை டாக்டரைக் கேட்டுச் செய்யவும்.)

வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை வேண்டும். அதற்குள் வியர்வை சீக்கிரம் சுரக்கக் கற்றுக்கொள்கிறது, அதில் போகும் உப்பும் குறைகிறது. ஆகவே புதிதாக வந்த ஆளும், நோயிலிருந்து எழுந்து வந்த ஆளும் முதல் வாரத்தில்தான் விழுவார்கள். பங்களாதேஷிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்து இறங்கிய தோழரை முதல் நாளே முழு நிரைக்கு அனுப்புவது சரியல்ல. மாரத்தான் ஆளை மட்டும் படிப்படியாகப் பழக்குகிறார்கள்.

இன்னொன்று, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 2024 அக்டோபரில் கென்யாவின் ரூத் செப்னெகெடிச் சிக்காகோவில் 2:09:56 ஓடினார். 2 மணி 10 நிமிடத்துக்குள் மாரத்தான் ஓடிய முதல் பெண் அவர். மறு வருடம் மார்ச்சில் எடுத்த சோதனையில் தடைசெய்யப்பட்ட மருந்து ஒன்று இருந்ததாக மூன்று வருடத் தடை விழுந்தது. சிக்காகோ ஓட்டம் அதற்கு முந்தியது என்பதால் ரத்தாகவில்லை. என்ன மருந்து தெரியுமா? ஹைட்ரோகுளோரோதயசைட். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இரத்த அழுத்தத்துக்குத் தினமும் காலையில் போடுகிற, சிறுநீர் பெருக்கும் மாத்திரை! வேறு மருந்தின் தடயத்தை மறைக்க உதவும் என்பதால் விளையாட்டில் அதற்குத் தடை. நமக்கு இதில் வேறு பாடம். அந்த மாத்திரை நீரையும் உப்பையும் இறக்கிவிடும். அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நிற்பவர் சீக்கிரம் தலைசுற்றி விழக்கூடும். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் மோசம். கிளினிக்கில் டாக்டரிடம் “நான் வெளிக்காட்டு வேலை” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

பெர்லின் ஓட்டம் முடிந்ததும் தம்பி கைப்பேசியை மடக்கிப் பையில் போட்டார். முகம் வாடிப் போயிருந்தது.

“பாதி வரைக்கும் சரியாத்தான் போனாரு. வெயில் கெடுத்துடுச்சிண்ணே.”

“வேகத்தைக் கொஞ்சம் குறைச்சதாலதான் முதல் ஆளா வந்து சேர்ந்தாரு தம்பி. அந்தச் சூட்டுல பிடிவாதமா அதே வேகத்துல போயிருந்தா?”

பதில் சொல்லவில்லை. மறு வாரம் பார்த்தபோது, முழு ஓட்டத்தைப் பாதி ஓட்டமாக மாற்றிக்கொண்டதாகச் சொன்னார். பாலத்தில் மெதுவாகத்தான் ஓடினார். கிப்டும் செய்த மாதிரி முதல் பாதியை அடக்கிப் பின்பாதியில் கூட்டினார். நடுக்கடலில் விடிவதைப் பார்த்தேன் என்றார். பதக்கத்தை அம்மா சாமி மேடையில் மாட்டியிருக்கிறார்.

இப்போதெல்லாம் பெரிய மாரத்தான் எங்கே நடந்தாலும் கடையில் அவரைச் சுற்றி நாலு பேர் கூடிவிடுகிறார்கள். “இந்தத் தடவை உடைச்சிடுவாங்களா?” என்று யாராவது கேட்டால் தம்பி ஓட்டக்காரர் பெயரைச் சொல்வதில்லை.

“இருங்கண்ணே,” என்று கைப்பேசியைத் திறக்கிறார். “அந்த ஊர்ல நாளைக்கு எத்தனை டிகிரின்னு பாத்துட்டுச் சொல்றேன்.”