கந்தக பூமி – 9: தாளுக்குள் இருக்கும் தண்ணீர்

ஒரு சரவெடியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மருந்து கொஞ்சம்தான், மற்றதெல்லாம் காகிதம். குழாய் காகிதம், திரியின் மேலுறை காகிதம், கட்டைச் சுற்றிய சிவப்புத் தாள் காகிதம், மேலே ஒட்டிய லேபிளும் காகிதம். சென்ற வாரம் மருந்தைப் பற்றிப் பேசினோம். அந்த மருந்தைப் பொதிந்து காக்கும் தாளைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. விபத்து நடந்த மறுநாள் ‘மருந்து உராய்வு காரணம்’ என்று செய்தி வரும். அப்போது அறையிலிருந்த தாள் எவ்வளவு காய்ந்து கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

விருதுநகர் மாவட்டத்தின் வறண்ட காற்றுதான் சிவகாசியின் முதல் மூலதனம். 1920-களின் தொடக்கத்தில் இவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். குச்சியும் மருந்தும் லேபிளும் சீக்கிரம் காய்கிற இந்த ஊர், அந்தத் தொழிலுக்கு வாய்ப்பாக அமைந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகம் வந்தது. 1940-களில் பட்டாசு பெருந்தொழிலாக வளர்ந்தது. மூன்றுமே காகிதத்தைத் தின்று வளரும் தொழில்கள். பனை ஓலையில் மடித்த ஓலைவெடியின் இடத்தைக் காகிதக் குழாய் பெருமளவு பிடித்துக்கொண்டது. குழாய்க்கும் அட்டைப்பெட்டிக்கும் ஏற்றது பழுப்பு நிறக் கிராஃப்ட் தாள். 1879-இல் கார்ல் டால் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த முறையில் மரச்சில்லுகளை வேகவைத்தால் நார் நீளம் குறையாமல் வலுவாகக் கிடைக்கும். நம் நாட்டில் அந்தத் தாளின் பெரும்பகுதி பழைய அட்டைப்பெட்டிகளைக் கரைத்துச் செய்யப்படுகிறது.

தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் தாளுக்குள் தண்ணீர் உண்டு. சாதாரணக் காற்றில் அதன் எடையில் 6 முதல் 8 சதவீதம் ஈரம்தான். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக் காற்று வறண்டால் அது 4, 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நார்கள் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்குவதில்லை, குறுக்குவாக்கில் சுருங்கும். அதனால் தாள் சுருள்கிறது, ஒட்டிய பசை விரிசல் விடுகிறது, குழாயின் சுற்றுகள் நெகிழ்கின்றன. அடைப்பு தளர்ந்தால் தூள் கசியும். இன்னொன்றும் உண்டு: ஒருமுறை நன்றாகக் காய்ந்த தாளை மறுபடி பழைய காற்றிலேயே வைத்தாலும் முன்பிருந்த அளவுக்கு ஈரத்தை அது வாங்கிக்கொள்ளாது. தகரக் கூரைக்கு அடியில் கோடை முழுவதும் கிடந்த தாள், கிடங்குக்கு வந்த அன்று இருந்த தாள் அல்ல.

இனி நெருப்புக்கு வருவோம். ரே பிராட்பரி 1953-இல் எழுதிய ‘பாரன்ஹீட் 451’ நாவலால், தாள் 233 டிகிரி செல்சியஸில் தீப்பற்றும் என்ற கணக்கு உலகமெங்கும் பரவிவிட்டது. உண்மையில் அப்படி ஒரே எண் கிடையாது. தாளின் தடிமன், ஈரம், சூடு எவ்வளவு நேரம் பட்டது என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். 100 டிகிரியை ஒட்டித் தண்ணீர் ஆவியாகும். 200-ஐத் தாண்டினால் நாரோடு சேர்ந்த மென்மையான பொருள்கள் சிதையத் தொடங்கும். 300-க்கு மேல் செல்லுலோஸ் உடைந்து எரியும் ஆவியைக் கக்கும். நாம் தீச்சுடர் என்று பார்ப்பது அந்த ஆவி எரிவதைத்தான்.

இதில் தண்ணீரின் பங்கைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுக்கக் காய்ந்த ஒரு கிலோ தாளை 35 டிகிரியிலிருந்து 230 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 260 கிலோஜூல் வெப்பம் போதும். அதில் 70 கிராம் தண்ணீர் இருந்தால், அதை ஆவியாக்க மட்டும் இன்னும் 160 கிலோஜூல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரம் நெருப்பிடமிருந்து பாதிக்கு மேல் கூடுதல் விலை கேட்கிறது. காகிதக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி மெழுகுவர்த்திமேல் பிடித்தால் கோப்பை எரியாமல் தண்ணீர் சூடாகும் பள்ளிக்கூடச் சோதனையும் இதே கதைதான். கோடையில் தாள் அந்தக் காவலை இழந்து நிற்கிறது.

ஆனால் வெயில் நேரடியாகத் தாளைப் பற்றவைப்பதில்லை. தகரக் கூரை 60 டிகிரியைத் தாண்டினாலும் 230 எங்கோ இருக்கிறது. ஆபத்து வேறு வழியாக வருகிறது. ஈரமுள்ள தாள் மின்னூட்டத்தை மெல்லக் கசியவிட்டுவிடும். காய்ந்த தாள் விடாது, சேர்த்துவைக்கும். தாளைத் தாள்மேல் இழுத்தாலும், நைலான் புடவை உரசினாலும் நிலைமின்சாரம் ஏறும். உடம்பில் சுமார் 3,000 வோல்ட் ஏறினால்தான் நமக்குச் சுருக்கென்று தெரியும். அதற்குக் கீழே பாய்வது தெரிவதே இல்லை. அலுமினியத் தூள் கலந்த மருந்துக்கு உணர முடியாத அந்தப் பொறியே அபாயம். வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போ, பருத்தி உடுத்து, தரையில் தண்ணீர் தெளி என்று தொழிலாளர்களிடம் சொல்வதற்கு இதுதான் காரணம். காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால், வேலை மும்முரத்தில் விதி முதலில் போய்விடுகிறது.

அப்படியானால் ஈரம் கூடினால் நல்லதா? அதுவும் இல்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வரும்போது தாள் ஈரத்தை உறிஞ்சி உள்ளே கடத்தும். நனைந்த அலுமினியத் தூளும் வெடியுப்பும் சேர்ந்தால் தானாகவே சூடேறக்கூடும், வாயுவும் வெளியேறும். கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்காதே என்பது இந்தத் தொழிலின் பால பாடம். பெட்டிகளுக்கும் இதே கதி: ஈரம் ஏறிய அட்டைப்பெட்டி பளு தாங்காமல் மடங்கி, அடுக்கு சாயும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். இவற்றுக்குத் தாள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அறைக்கு 4 பேருக்கு மேல் கூடாது என்ற விதியைச் சோதிக்கும் அதிகாரிகள், அந்த அறையின் ஈரப்பதத்தையும் சோதிக்கலாமே என்றுதான் சொல்கிறேன்.

ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆலையின் உரிமம் நாக்பூர், சென்னை வெடிபொருள் அலுவலகங்கள் தந்ததோ, மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) தந்ததோ, எதுவானாலும் மருந்து செலுத்தும் ஒவ்வொரு அறையிலும் ஒன்று மாட்டுங்கள். காற்று மிகவும் வறண்ட பிற்பகலில் வேலையை நிறுத்துங்கள். அந்த நேரத்துக் கூலியைத் தொழிலாளியின் கணக்கில் பிடிக்காதீர்கள். மருந்துத் தூள் படிந்த கழிவுத் தாளைக் குப்பையாக எண்ணி மூலையில் குவிக்கவோ, வேலை முடிந்ததும் மொத்தமாகக் கொளுத்தவோ வேண்டாம். கழிவை எரிக்கும்போது உயிரிழந்தவர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு.

(தொடரும்)