மாலை டீயோடு முடிந்துவிடும் சர்க்கரை ‘லிமிட்’... அதற்கு மேல் போனால் உடலுக்குள் என்ன நடக்கும்?

“அண்ணே, ஒரு டீ... வித்தவுட்!” - டீக்கடையில் இந்தக் குரல் கேட்டால், ‘சுகர் பேஷன்ட் போல’ என்று நினைத்துக்கொண்டு நம்ம டீயைக் குடிப்போம். ரிப்போர்ட்டில் ‘சுகர்’ என்று வந்த பிறகு குறைத்துக்கொண்டால் போதும் என்பதுதான் பலரின் கணக்கு. அந்தக் கணக்கில்தான் சிக்கலே.

ஐசிஎம்ஆர் நிதியுதவியுடன் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் டயாபட்டீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. அதைவிடக் கவனிக்க வேண்டிய எண் இன்னொன்று. சர்க்கரை நோயின் வாசலில், அதாவது ‘ப்ரீ டயாபட்டீஸ்’ நிலையில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி. இந்த நிலையில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும்.

எவ்வளவு வரை ஓகே?

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நாம் சாப்பிடும் மொத்த கலோரியில் சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது அது. தினமும் 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 10 சதவீதம் என்பது 50 கிராம். 5 சதவீதம் என்றால் 25 கிராம், அதாவது சுமார் 6 டீஸ்பூன். முழுப் பழத்திலும் பாலிலும் இயற்கையாக இருக்கும் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது. ஆனால் தேன், ஜூஸ் இரண்டும் வரும்.

இப்போது ஒரு வேலை நாளை எடுத்துக்கொள்வோம். காலை காபியில் 2 ஸ்பூன், 11 மணி டீயில் 2, நாலு மணி டீயில் 2. அவ்வளவுதான், 6 ஸ்பூன் முடிந்தது. டீயோடு சாப்பிட்ட க்ரீம் பிஸ்கட்டை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. இரவு பிரியாணியோடு ஒரு 300 மில்லி கோலா குடித்தால், அதில் மட்டும் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். ஸ்வீட் எதையும் தொடாமலேயே 50 கிராமைத் தாண்டியாகிவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறது?

வெள்ளைச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறியதும், அதைச் செல்களுக்குள் அனுப்ப கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. ஃப்ரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போகிறது. அளவுக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கூடுவதற்கும், மது குடிக்காதவர்களுக்கும் ‘ஃபேட்டி லிவர்’ வருவதற்கும் இது ஒரு காரணம். பல்லிடுக்கில் இருக்கும் பாக்டீரியாக்கள் இதே சர்க்கரையை அமிலமாக மாற்றிப் பல்லை அரிக்கின்றன. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக இனிப்பு சாப்பிடுவது பல்லுக்கு இன்னும் மோசம்.

சர்க்கரை சாப்பிட்டால் சர்க்கரை நோய் வந்துடுமா?

நேரடியாக அப்படிச் சொல்ல முடியாது. சிறு வயதில் அதிகம் வரும் டைப் 1-க்கும் இனிப்புக்கும் சம்பந்தமில்லை. டைப் 2-வில் பரம்பரை, உடல் எடை, தூக்கம், உடலுழைப்பு எனப் பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனால் இனிப்பு பானங்களைத் தினமும் குடிப்பவர்களுக்கு டைப் 2 வரும் ஆபத்து அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிக்கும் கலோரியால் வயிறு நிறைந்த உணர்வு வராது என்பதால் சாப்பாட்டின் அளவும் குறையாது. தெற்காசியர்களுக்கு இளம் வயதிலேயே, அதிக எடை இல்லாதபோதும் சர்க்கரை நோய் வருகிறது. அதனால் ‘நான் ஒல்லியாத்தானே இருக்கேன்’ என்று தப்பித்துவிட முடியாது.

நாட்டுச் சர்க்கரை சேஃபா?

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி ஆகியவற்றில் கொஞ்சம் தாதுச்சத்து இருப்பது உண்மை. ஆனால் அவற்றிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். ‘நாட்டுச் சர்க்கரை டீதானே’ என்று ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போட்டால் ஒரு லாபமும் இல்லை.

பாக்கெட்டில் எங்கே பார்ப்பது?

பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையில் ‘ஆடட் சுகர்ஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். அந்த எண்ணை 4-ஆல் வகுத்தால் எத்தனை ஸ்பூன் என்று தெரிந்துவிடும். அது 100 கிராமுக்கான கணக்கா, ஒரு முறை சாப்பிடும் அளவுக்கான கணக்கா என்பதையும் பாருங்கள். மூலப்பொருள் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வெர்ட் சிரப் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதுவும் சர்க்கரைதான். ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. அதனால்தான் 2024 ஏப்ரலில், அந்தப் பிரிவிலிருந்து இத்தகைய பானங்களை நீக்கச் சொல்லி ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது.

எங்கே தொடங்கலாம்?

ஒரேயடியாக நிறுத்தத் தேவையில்லை. முதலில் குளிர்பானம், பாக்கெட் ஜூஸை விட்டுவிட்டு மோர், இளநீர், தண்ணீருக்கு மாறலாம். டீயில் 2 ஸ்பூனை ஒன்றரை ஆக்குங்கள், நாக்கு பழகியதும் ஒன்றாக்குங்கள். சில வாரங்களில் பழைய டீயே ‘ஓவர் ஸ்வீட்டா’ தோன்றும். ஜூஸுக்குப் பதில் முழுப் பழம் சாப்பிடுங்கள். அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், 30 வயது வரை காத்திருக்காமல் ஒருமுறை ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், டாக்டரிடம் கேட்டுவிட்டு உணவை மாற்ற வேண்டும்.

ப்ரீ டயாபட்டீஸ் நிலையில் கண்டுபிடித்துவிட்டால், உணவும் நடையும் மட்டுமே பலரை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ‘வித்தவுட்’ சொல்ல வேண்டிய நிலை வரும் முன்பே, “அண்ணே, சர்க்கரை கம்மியா” என்று சொல்லிப் பழகலாமே!