மோவாய்க்குக் கீழே ஒரு பள்ளம்

என் நாத்தனாருக்கு 42 வயது. மோவாய்க்கு அடியில் தொங்கிய கொழுப்பை ஒரு கிளினிக்கில் லைபோசக்ஷன் செய்து உறிஞ்சி எடுத்தார்கள். எடுத்தது அளவுக்கு மிஞ்சிப்போச்சு! நடுவில் குழி, இரு பக்கமும் கயிறாய்த் தசை. 'கோப்ரா நெக்' என்று இதற்குப் பெயராம். பாவம், தலைப்பால் கழுத்தைப் போர்த்திக்கொண்டே நடமாடினாள்.

தோலுக்கடியில் கொழுப்பு கொஞ்சம் மெத்தை மாதிரி இருக்கத்தான் வேண்டும், சகோதரிகளே. அதையும் சுரண்டிவிட்டால் தோல் தசையோடு ஒட்டிக்கொள்ளும்.

"உடனே சரி பண்ணிடுங்க டாக்டர்" என்று வேறொரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் அழுதாள். "வீக்கம், தழும்பெல்லாம் அடங்க ஆறு மாசமாவது பொறுக்கணும்மா" என்றார் அவர். பிறகு, விலகி நின்ற தசையின் ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைத்து, வயிற்றிலிருந்து எடுத்த கொழுப்பைக் குழியில் சிறிது சிறிதாக நிரப்பினார். அதில் ஒரு பங்கு கரைந்துவிடும், இன்னொரு தடவை வரவேண்டியிருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.