பென்னா ஆறு அறுத்த மலையும் பாதியில் கொதித்த காரும்!

'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்று யூடியூபில் தேடினால் முதலில் வந்து நிற்பது கண்டிகோட்டா. ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகு பக்கத்தில் இருக்கிறது. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு, 'கோட்ட' என்றால் கோட்டை. எங்கள் காவாந்தண்டலத்திலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். திருத்தணி, ரேணிகுண்டா, ராஜம்பேட்டை, கடப்பா, முத்தனூர் வழியாகப் போகலாம். விடிகாலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் தாராளமாகப் போய்ச் சேரலாம், வண்டி ஒழுங்காக ஓடினால்!

பொங்கல் விடுமுறையில் நான், என் கணவர், பையன், அப்பா, அம்மா என ஐந்து பேர் கிளம்பினோம். அப்பாவுக்கு பிப்ரவரியில் முழங்கால் ஆபரேஷன். "அதுக்கு முன்னாடி ஒரு தடவ பார்த்துடணும்" என்று அவர்தான் ஆசைப்பட்டார்.

ராஜம்பேட்டை தாண்டியதும் ஏசியில் குளிர் குறைந்தது. ஏதோ தித்திப்பான வாசனை. டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடப் பார்க்கிறது. "ஓரங்கட்டுங்க மாப்ளே, இன்ஜின ஆஃப் பண்ணுங்க" என்றார் அப்பா. வயலில் டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டியே வயசானவர். பானெட்டைத் திறந்தால் புஸ்ஸென்று ஆவி.

என் கணவர் துணியை எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடிப் பக்கம் போக, "கை வைக்காதீங்க!" என்று அப்பா போட்ட சத்தத்தில் பையனே பயந்துவிட்டான். விஷயம் இதுதான். மூடிய ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் பீறிட்டு முகத்தில் அடிக்கும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் ஆகாது, விரிசல் விடும். முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்து, கட்டி வந்த புளிசாதத்தைப் பத்து மணிக்கே காலி செய்தோம்.

ஆறியபின் பார்த்தால், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கிளாம்ப் கடிக்கும் இடத்தில் கிழிந்திருந்தது. "பேசாம திரும்பிடலாமா மாமா?" என்றார் என் கணவர். அப்பா பதில் சொல்லவில்லை, முழங்காலைத் தடவிக்கொண்டு ரோட்டையே பார்த்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மாதான் அரைகுறைத் தெலுங்கில் பைக்கில் போன ஒருவரை நிறுத்தி விசாரித்தார். அவர் அனுப்பிய மெக்கானிக் வந்து, கிழிந்த நுனியை மட்டும் வெட்டிவிட்டு, மீதியை இழுத்து மாட்டி, தண்ணீர் நிரப்பினார். 200 ரூபாய்தான் வாங்கினார். "கடப்பா வரை மெதுவாகப் போங்கள், அங்கே புது ஹோஸ் போடுங்கள்" என்று அம்மா மூலம் சொல்லி அனுப்பினார். முள்ளைப் பார்த்தபடியே போனோம். வழியில் ஒண்டிமிட்டா ராமர் கோயில் கோபுரத்தைக் காரிலிருந்தே கும்பிட்டதோடு சரி.

மாலை நாலரைக்குக் கண்டிகோட்டா. கோட்டைக்குள்ளேயே ஓர் ஊர் இருக்கிறது. விஜயநகர காலத்தில் பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட இடம். பின்னர் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா பிடித்தார். 1652-ல் பிரெஞ்சு வைர வியாபாரி டாவர்னியர் அவரை இங்கேதான் வந்து சந்தித்தார். மாதவராய சுவாமி கோயில், ஜாமியா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம் எல்லாம் இன்னும் நிற்கின்றன. களஞ்சியத்தை விட்டு அம்மா நகரவே இல்லை. "எத்தன மூட்ட நெல்லு புடிக்கும்!"

மசூதியைத் தாண்டிப் பாறைகள் மேல் ஏறி இறங்கினால் பள்ளத்தாக்கு. பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா முதல் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டார். கீழே பச்சையாக பென்னா ஆறு. இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகச் செந்நிறப் பாறை, செங்கல் அடுக்கியதுபோல. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய குவார்ட்சைட் பாறை அது. அதை அறுத்தது வெறும் தண்ணீர்! 446 கிலோமீட்டர் நீளும் அமெரிக்க கேன்யனோடு ஒப்பிட்டால் இது குழந்தைதான். விளிம்பில் நிற்கும்போது அந்தக் கணக்கெல்லாம் ஞாபகம் வராது.

இந்த ஆறு பிறப்பது கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில். நம் பாலாறும் தென்பெண்ணையும் பிறப்பது அதே வட்டாரத்தில்தான். இதைச் சொன்னதும் அப்பா ரொம்ப நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம செய்யாத்துல தண்ணி வேணும்னா ஊத்து தோண்டணும். இங்க பாரு, மலையையே தோண்டி வெச்சிருக்கு." பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாங்கள் நின்ற விளிம்பில் தடுப்புக் கம்பி கிடையாது. செல்ஃபி மோகத்தில் பின்னால் நகராதீர்கள், குழந்தைகள் கையை விடாதீர்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை போகலாம். கோடையில் கடப்பா வெயில் தாங்காது. தங்குவதற்கு ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி இருக்கிறது, விடுமுறை நாட்களுக்கு முன்பே புக் செய்யுங்கள். கிளம்பும் முன் ஹோஸ், கிளாம்ப், பெல்ட் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டிக்கியில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் கட்டாயம்.

மறுநாள் சுமார் 60 கிலோமீட்டரில் பேலம் குகைக்குப் போனோம். 3,229 மீட்டர் நீளம். 1884-ல் இதைப் பற்றிக் குறித்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-ல் நம் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே மனிதர். உள்ளே புழுக்கம், ஏகப்பட்ட படிகள். அப்பா வெளியே நிழலில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் திரும்பி வந்தபோது, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, புது ஹோஸைப் பற்றிப் பக்கத்து கார் டிரைவரிடம் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். அவரும் தெலுங்கில் ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.