முதல் நிமிடமும் இருபதாவது நிமிடமும்

ஸ்மார்ட்போன் சிப்புகளின் இரு தலைமுறைகளை ஒப்பிடும்போது வடிவமைப்பு, உற்பத்தி முறை, கடிகார வேகம் எல்லாம் ஒருசேர மாறியிருக்கும். எதனால் எவ்வளவு லாபம் என்று பிரித்துச் சொல்வது கடினம். 2022-இல் அதற்கு ஒரு நல்ல வாய்ப்பு அமைந்தது. குவால்காமின் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சாம்சங் ஆலையில் தயாரானது. மே மாதம் அறிவிக்கப்பட்ட 8 பிளஸ் ஜென் 1 தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்குப் போனது. எட்டு கோர்களும் அதே வகைதான். உச்ச வேகம் 3.0 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.2 ஆனது, அதே வேகத்தில் கோர்களின் மின்செலவோ 30 சதவீதம் வரை குறைந்ததாக நிறுவனம் சொன்னது. விளம்பரக் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும், பழையதைவிடப் புதியது சூட்டை நன்றாகவே அடக்கியது. இரண்டுக்கும் ‘4 நானோமீட்டர்’ என்றே பெயர். அந்த எண் சிப்பிலுள்ள எந்தப் பாகத்தின் அளவும் அல்ல, வெறும் வணிக முத்திரை.

வேகம் கூடினால் சூடு ஏன் அவ்வளவு ஏறுகிறது? டிரான்சிஸ்டர்கள் மாறிமாறி இயங்கச் செலவாகும் மின்திறன், கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். இரண்டும் 10 சதவீதம் ஏறினால் மின்செலவு 33 சதவீதம் ஏறும். 20 சதவீதம் ஏறினால் 73. கடைசிச் சொட்டு வேகத்துக்குத்தான் விலை அதிகம். குறைந்த மின்னழுத்தத்தில் அதே வேகத்தைத் தரும் ஆலை ஜெயிப்பது இதனால்தான்.

வழக்கமான போனில் மின்விசிறி கிடையாது. அதன் உடலை, அடியில் சிறு ஓட்டையுள்ள அண்டாவாகக் கொள்ளலாம். குழாய் நீர் சிப்பின் வெப்பம், நீர்மட்டம் வெப்பநிலை, ஓட்டை வழியே ஒழுகுவது காற்றில் கலையும் வெப்பம். குழாயை முழுக்கத் திறந்தாலும் அண்டா நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். கோடு வரை ஏறியதும் ஒரு கை வந்து குழாயைப் பாதி மூடும். அதுவே வேகக் குறைப்பு. பெரிய போன் பெரிய அண்டா. தடித்த உறை ஓட்டையில் அடைத்த துணி. சித்திரை வெயிலில் அண்டாவையே குளத்தில் அமிழ்த்தி வைத்ததுபோல. ஒழுக இடமே இல்லை.

இந்தச் சூட்டுப் பிரச்சினையின் வரலாறு சுருக்கமானது. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க மின்னழுத்தமும் குறையும், அதனால் சதுர மில்லிமீட்டருக்கான சூடு ஏறாது என்று 1974-இல் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் காட்டினர். 2005 வாக்கில் அந்தச் சலுகை தீர்ந்தது. ஸ்மார்ட்போன் அலை அதற்குப் பிறகுதான் எழுந்தது.

வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் போன்ற சோதனை ஆப்கள் (பெஞ்ச்மார்க்) தரும் மதிப்பெண்களிலும் கவனம் தேவை. கீக்பெஞ்ச் 5-இல் இன்டெல் ஐ3-8100 சிப்புக்கு 1000 என்பது அளவுகோல். கீக்பெஞ்ச் 6-இல் ஐ7-12700 சிப்புக்கு 2500. இரண்டின் எண்களையும் அருகருகே வைப்பதில் பொருளில்லை. கீக்பெஞ்சின் உள்தேர்வுகளுக்கு இடையே சிறு இடைவெளியும் உண்டு. அதற்குள் அண்டா கொஞ்சம் வடிந்துவிடும். 2022-இல் சில சாம்சங் கேலக்ஸி போன்கள் பல ஆப்களின் வேகத்தைக் குறைத்து, பெஞ்ச்மார்க் ஆப்களை மட்டும் தொடாமல் விட்டது தெரியவந்தபோது கீக்பெஞ்ச் அவற்றைப் பட்டியலிலிருந்தே நீக்கியது.

நீடித்த வேகத்தை அறிய 3டிமார்க்கின் வைல்ட் லைஃப் அழுத்தச் சோதனை உதவும்: ஒரு நிமிடக் காட்சி இருபது சுற்று ஓடும். மிகக் குறைந்த சுற்று மிக உயர்ந்த சுற்றில் எத்தனை சதவீதம் என்பதை நிலைத்தன்மை என்று அது காட்டும். இந்தச் சதவீதமும் ஏமாற்றக்கூடியது: தொடக்கத்திலேயே மந்தமான சிப் 99 சதவீதம் வாங்கிவிடும். தலைமுறைகளை ஒப்பிட, இருபதாவது சுற்றின் மதிப்பெண்ணை நேரடியாகப் பார்ப்பதே மேல். அதையும் ஒரே அறை வெப்பநிலையில், உறையைக் கழற்றிவிட்டு.