ஒரே ஆள் செய்த விளையாட்டு! 4 கோடி பிரதி விற்றது!

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சியாட்டில் என்ற நகரம் இருக்கிறது. அங்கே "பாரமவுண்ட்" என்று ஒரு பழைய நாடக அரங்கம் உண்டு. நாடகம் பார்க்க வருகிறவர்களுக்கு இடம் காட்டுவதற்கு அங்கே ஆட்களை வைத்திருப்பார்கள்.

அப்படி இடம் காட்டும் வேலை பார்த்தவர்களில் ஒருவர் எரிக் பரோன்.

அவர் சாதாரண ஆள் அல்ல. பட்டதாரி! கம்ப்யூட்டர் படிப்பு படித்தவர். ஆனாலும் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஏதாவது வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இந்தப் பகுதி நேர வேலை.

மற்ற நேரம் எல்லாம் அவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு நாளைக்கு 10 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, பண்டிகையும் கிடையாது.

என்ன செய்தார் தெரியுமா? ஒரு விளையாட்டு செய்தார்! தன்னந்தனியாகச் செய்தார். நாலரை ஆண்டு செய்தார்.

2016-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி அது விற்பனைக்கு வந்தது. இரண்டே மாதத்தில் 10 லட்சம் பிரதிகள் விற்றுவிட்டன. 2024-ம் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது 4 கோடியே 10 லட்சத்தைத் தாண்டி இருந்தது!

அந்த விளையாட்டின் பெயர் "ஸ்டார்டியூ வேலி."

தாத்தா கொடுத்த நிலம்

அதில் சண்டை பெரிதாக இல்லை. கார் பந்தயம் இல்லை. விவசாயம்தான்!

பட்டணத்தில் ஒரு பெரிய கம்பெனியில் ஒருவன் வேலை பார்க்கிறான். அலுத்துப் போகிறது. செத்துப்போன தாத்தா கொடுத்துவிட்டுப் போன கடிதத்தைப் பிரிக்கிறான். கிராமத்தில் உள்ள தன் நிலத்தைப் பேரனுக்கு எழுதி வைத்திருக்கிறார் தாத்தா!

போய்ப் பார்த்தால் நிலம் முழுவதும் கல்லும் களையும். விளையாடுகிறவர்தான் அதைத் திருத்த வேண்டும். முதலில் கையில் கிடைப்பது 15 விதைகள். முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு அது. தினமும் தண்ணீர் விட்டால் 4 நாளில் விளையும். அதை விற்று மேலே விதை வாங்க வேண்டும். கோழி வளர்க்கலாம், மாடு வளர்க்கலாம், மீன் பிடிக்கலாம், ஊர்க்காரர்களோடு பழகலாம், கல்யாணமும் செய்து கொள்ளலாம்.

பெரிய கம்பெனிகள் ஒரு விளையாட்டுக்கு நூற்றுக்கணக்கான ஆட்களைப் போடுகின்றன. படம் வரைய ஒரு கூட்டம். இசை அமைக்க ஒரு கூட்டம். கதை எழுத ஒரு கூட்டம். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுத இன்னொரு கூட்டம். பரோன் இத்தனையையும் ஒருவராகவே செய்தார்.

எப்படி ஆரம்பித்தார்?

"பெரிய விளையாட்டு செய்து பணம் குவிக்க வேண்டும்" என்று அவர் உட்காரவில்லை. 2011-ம் ஆண்டு பட்டம் வாங்கினார். வேலை தேடினார். கட்டளை எழுதுவதில் இன்னும் கை தேற வேண்டும் என்று தோன்றியது. கை பழகுவதற்காக ஒரு சிறு விளையாட்டு செய்து பார்ப்போம் என்று ஆரம்பித்தார். சில மாதத்தில் முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

சின்ன வயதில் அவருக்குப் பிடித்த ஒரு ஜப்பான் விளையாட்டு உண்டு. 1996-ம் ஆண்டு வந்தது. பெயர் "ஹார்வெஸ்ட் மூன்." அதுவும் விவசாய விளையாட்டுதான். அதை மனதில் வைத்துக்கொண்டே தன் விளையாட்டைத் தொடங்கினார்.

படம் வரைய அவர் எங்கும் படித்தது இல்லை. வரைந்து வரைந்துதான் கற்றார். கம்ப்யூட்டர் படம் என்பது சிறு சிறு சதுரங்களுக்கு வண்ணம் பூசுவது. கோலப்புள்ளி போல நினைத்துக் கொள்ளுங்களேன். அவருடைய விளையாட்டில் தரையில் ஒரு துண்டு இடம் என்றால் அகலத்தில் 16, உயரத்தில் 16. ஆக 256 சதுரங்கள்! புல்லுக்கு ஒரு துண்டு, மண்ணுக்கு ஒரு துண்டு, நனைந்த மண்ணுக்கு ஒரு துண்டு.

ஓர் ஆண்டு கழித்துத் தாம் முதலில் வரைந்ததைப் பார்த்தால் அவருக்கே பிடிக்காது. கை தேறிவிட்டது அல்லவா! பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி வரைவார். ஊர்க்காரர்களின் முகங்களை இப்படிப் பல தடவை மாற்றி இருக்கிறார். சில மாத வேலை நாலரை ஆண்டு ஆனதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

நடுவில் ஓர் இடி. எந்தக் கருவியைக் கொண்டு அவர் விளையாட்டைக் கட்டிக் கொண்டிருந்தாரோ, அதை இனிமேல் வளர்க்கப் போவதில்லை என்று மைக்ரோசாப்ட் கம்பெனி 2013-ல் சொல்லிவிட்டது. வேறு ஆளாக இருந்தால் பயந்து விட்டிருப்பார். இவர் அதைக் கொண்டே முடித்தார்.

ரொட்டிக்கு யார் காசு கொடுத்தது?

இதைத்தான் பலர் கேட்பது இல்லை. நாம் கேட்போம்.

நாலரை ஆண்டு அந்த விளையாட்டிலிருந்து ஒரு காசு வரவில்லை. வீட்டு வாடகை? சாப்பாடு?

அவருடைய காதலி சம்பாதித்துக் கொடுத்தார்! அந்தப் பெண் படித்துக்கொண்டே வேலையும் பார்த்தார். நாடக அரங்கில் கிடைத்த சம்பளமும் கொஞ்சம் உதவிற்று. விளையாட்டின் மேல் அவர் பெயர் மட்டும் இருக்கலாம். வீட்டில் இன்னொருவர் பாரம் சுமந்தார் என்பதை மறக்கக்கூடாது.

கட்டளை என்றால் என்ன?

"கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவது நமக்கு வருமா?" என்று மலைக்காதீர்கள். முதல் படி ரொம்பச் சுலபம்.

சினிமாப் படம் எப்படி ஓடுகிறது? ஒரு விநாடியில் 24 படங்கள் மாறுகின்றன. கண்ணுக்கு அசைவது போலத் தெரிகிறது. கம்ப்யூட்டர் விளையாட்டும் அதே மாதிரிதான். பெரும்பாலும் விநாடிக்கு 60 படங்கள். ஒரே ஒரு வித்தியாசம். சினிமாவில் படங்களை முன்னாலேயே எடுத்து வைத்துவிடுகிறார்கள். இங்கே அவ்வப்போது வரைய வேண்டும்!

ஆகவே கம்ப்யூட்டர் மூன்று காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. விளையாடுகிறவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று பார்க்கிறது. அதற்குத் தகுந்தபடி கணக்குப் போடுகிறது. படத்தை வரைகிறது. விநாடிக்கு 60 தடவை இதே வேலை!

பந்தும் மட்டையும் உள்ள ஒரு விளையாட்டை எடுத்துக் கொள்வோம். திரையில் இடது ஓரத்திலிருந்து பந்து எத்தனை புள்ளி தள்ளி இருக்கிறது? 100 என்று வைத்துக் கொள்ளுங்கள். "ஒவ்வொரு தடவையும் 5 கூட்டு" என்று கட்டளை. 105, 110, 115... பந்து வலப்பக்கம் ஓடுகிறது. வலது சுவர் 600-ல் இருக்கிறது. "600-ஐத் தொட்டால் கூட்டாதே, கழி" என்று இன்னொரு கட்டளை. 595, 590... பந்து சுவரில் பட்டுத் திரும்பிவிட்டது! கூட்டலும் கழித்தலும் தெரிந்த எவருக்கும் இது புரியும்.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். விளையாட்டு இன்னும் விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று 5-ஐ 20 ஆக்குகிறீர்கள். திடீரென்று பந்து மட்டையை ஊடுருவிக்கொண்டு போகிறது! பேய் பிடித்ததா?

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மட்டையின் கனம் 10 புள்ளி. பந்து ஒரே தாவலில் 20 புள்ளி போகிறது. மட்டைக்கு முன்னால் ஒரு படம், மட்டைக்குப் பின்னால் அடுத்த படம். மட்டையைத் தொட்டதாக ஒரு படமே இல்லை! கம்ப்யூட்டர் என்ன செய்யும்? சொன்னதைத்தான் செய்தது. விளையாட்டு செய்யப் பழகுகிறவர்களில் பலர் இதில் ஒரு நாளாவது தலையைப் பிய்த்துக் கொள்கிறார்கள். காரணத்தைத் தாமே கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த முடியாது.

பயிற்சிக்குச் செய்த "பாங்"

பந்தும் மட்டையும் என்று சும்மா சொல்லவில்லை. 1972-ம் ஆண்டு அமெரிக்காவில் "அட்டாரி" என்ற கம்பெனியில் ஆலன் ஆல்கார்ன் என்ற என்ஜினீயர் புதிதாகச் சேர்ந்தார். விளையாட்டு செய்து அவருக்கு அனுபவம் கிடையாது. முதலாளி நோலன் புஷ்னல் அவர் கை பழகட்டும் என்று ஒரு சின்ன வேலை கொடுத்தார். அவர் செய்த விளையாட்டுதான் "பாங்." இரண்டு மட்டை, ஒரு பந்து. பயிற்சிக்குச் செய்தது உலகப் புகழ் பெற்றுவிட்டது! (அப்போது கட்டளை எழுதவில்லை. மின்சாரக் கம்பிகளையும் பாகங்களையும் இணைத்தே செய்தார்கள்.)

ரஷ்யாவில் மாஸ்கோ நகரில் அலெக்ஸி பஜித்னாவ் என்பவர் 1984-ல் "டெட்ரிஸ்" செய்தார். மேலே இருந்து கட்டிகள் விழும், அடுக்க வேண்டும். அவர் வேலை பார்த்த இடத்தில் இருந்த கம்ப்யூட்டரில் படமே வராது! எழுத்து மட்டும்தான் வரும். அவர் அசரவில்லை. அடைப்புக்குறிகளைச் சேர்த்துப் போட்டுக் கட்டி ஆக்கினார்!

நீங்கள் பழக வேண்டுமானால்...

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு "ஸ்க்ராட்ச்" நல்லது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரி 2007-ல் வெளியிட்டது. காசு வேண்டியது இல்லை. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும்.

பெரியவர்களுக்கு "கோடோ" என்று ஒன்று இருக்கிறது. அர்ஜென்டினா நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் தொடங்கியது. 2014-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். சுமாரான கம்ப்யூட்டர் இருந்தால் போதும்.

முதல் விளையாட்டு பந்தும் மட்டையுமாக இருக்கட்டும். எடுத்த எடுப்பில் ஓர் ஊரையே கட்டக் கிளம்பாதீர்கள். வியட்நாமில் ஹனோய் நகரத்து வாலிபர் டாங் நூயென் 2013-ல் செய்த "பிளாப்பி பேர்ட்" எவ்வளவு சின்னது! ஒரு பறவை குழாய்களுக்கு இடையில் பறக்க வேண்டும். தட்டினால் மேலே போகும், விட்டால் விழும். அவ்வளவுதான்! சில நாள் வேலை. 2014 தொடக்கத்தில் உலகம் முழுவதும் அதையே விளையாடியது. ஜனங்கள் அதற்கு அடிமையாகிறார்கள் என்று சொல்லி, பிப்ரவரி மாதம் அவரே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்! பணம் கொட்டிக் கொண்டிருந்த நேரத்தில் எத்தனை பேர் இப்படிச் செய்வார்கள்?

பெற்றோர் கவனத்துக்கு

வீட்டில் பையனோ பெண்ணோ "நான் விளையாட்டு செய்யப் போகிறேன்" என்றால் பதற வேண்டாம். விளையாடுவது வேறு, செய்வது வேறு. செய்கிற பிள்ளை கணக்கு, படம், இசை, கதை நான்கையும் தொடுகிறது.

ஆனால், "வேலையை விடுகிறேன்" என்றால் கொஞ்சம் உட்கார்த்தி வைத்துப் பேசுங்கள்.

கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கும் பெரிய கடை "ஸ்டீம்." அதில் ஒரு விளையாட்டை வைக்க 100 டாலர் கட்ட வேண்டும். விற்கிற ஒவ்வொரு 100 டாலரிலும் கடைக்காரர் பொதுவாக 30 டாலர் எடுத்துக் கொள்வார். போகட்டும், அது பெரிதல்ல. அந்தக் கடைக்கு ஆண்டுதோறும் 10 ஆயிரத்துக்கு மேல் புது விளையாட்டுகள் வருகின்றன! அவற்றில் மிகப் பல, போட்ட உழைப்புக்குக் கூலி கூட வாங்கித் தருவது இல்லை. நாலு பேர் ஜெயித்த கதைதான் பத்திரிகையில் வருகிறது.

பரோன் கூட அரங்கில் இடம் காட்டிக்கொண்டுதான் செய்தார். மாலையில் இரண்டு மணி, விடுமுறை நாளில் நாலு மணி என்று பழகினால் ஆறு மாதத்தில் ஒரு சின்ன விளையாட்டை முழுதாக முடித்துவிடலாம். முடிப்பதுதான் முக்கியம். பாதியில் நின்ற பத்து பெரிய விளையாட்டைவிட, முடிந்த ஒரு பந்து விளையாட்டு மேல். அதை அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். எந்த இடத்தில் விழிக்கிறார்கள், எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இப்போது என்ன செய்கிறார்?

பணம் வந்த பிறகு பரோன் சும்மா இருந்தாரா? இல்லை! விற்பனைக்கு வந்த முதல் வாரங்களில் ஜனங்கள் சொன்ன பிழைகளை உட்கார்ந்து திருத்தினார். 2018-ல் பலர் சேர்ந்து விளையாடும்படி மாற்றினார். 2024 மார்ச்சில் மறுபடி பெரிய மாற்றம் வந்தது. ஏற்கனவே வாங்கி இருந்தவர்களிடம் இதற்கெல்லாம் தனியாகக் காசு கேட்கவில்லை.

2021-ல் இன்னொரு விளையாட்டை அறிவித்தார். பேய் பிடித்த கோட்டையில் சாக்லெட் கடை நடத்துகிறவனின் கதை. எப்போது வரும் என்று அவர் அன்று தேதி சொல்லவில்லை!